மருத்துவமனை வாசலோடு போட்டி முடிந்துவிடுகிறதா? பெரு மருத்துவமனைகளும் போட்டிச் சட்டமும்: ஒரு விளக்கம்

ஒரே நிறுவனம் தயாரித்த, ஒரே வகையைச் சேர்ந்த சிரிஞ்ச். கிழக்கு டெல்லியின் பட்பர்கஞ்ச் பகுதியில் உள்ள தனியார் மருத்துவமனையின் மருந்தகத்தில் அதன் விலை ரூ.19.50. வெளியில் உள்ள கடையில் ரூ.11.50 என அச்சிடப்பட்டு ரூ.10-க்கு விற்பனையானது. இந்த வேறுபாடு குறித்து நுகர்வோர் ஒருவர் 2015-ல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் (சிசிஐ) புகார் அளித்தார்.

சில ரூபாய் வேறுபாட்டில் தொடங்கிய அந்தப் புகார், நாட்டின் முன்னணி மருத்துவமனைக் குழுமங்கள் சிலவற்றைப் பற்றிய விரிவான விசாரணையாக வளர்ந்தது. நகரில் எத்தனை மருத்துவமனைகள் இருந்தாலும், ஒன்றில் உள்நோயாளியாகச் சேர்ந்த பின்னர் அந்த நோயாளிக்குத் தேர்வு என்று ஏதேனும் மிஞ்சுகிறதா என்பதே அதன் மையக் கேள்வி. மருத்துவமனைக் குழுமங்கள் ஒன்றோடொன்று வேகமாக இணைந்துவரும் இக்காலத்தில் அந்தக் கேள்வியின் முக்கியத்துவம் மேலும் கூடியுள்ளது.

சட்டம் என்ன சொல்கிறது?

தொழில் போட்டியைப் பாதுகாக்க நாடாளுமன்றம் இயற்றியது 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம். அதன் மூன்று பகுதிகள் மருத்துவமனைகளுக்குப் பொருந்தக்கூடியவை.

3-ஆவது பிரிவு, போட்டியைக் குலைக்கும் ஒப்பந்தங்களைத் தடை செய்கிறது. 4-ஆவது பிரிவு, சந்தையில் ஆதிக்க நிலையில் உள்ள நிறுவனம் அந்த நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. இவ்விரு பிரிவுகளும் 2009 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தன. நிறுவனங்களைக் கையகப்படுத்துவதையும் இணைப்பதையும் ஆணையம் பரிசீலிக்க வகைசெய்யும் 5, 6-ஆவது பிரிவுகள் 2011 ஜூன் முதல் அமலில் உள்ளன.

பெரிய நிறுவனமாக இருப்பது இச்சட்டப்படி குற்றமாகாது. ஆதிக்க நிலையில் இருப்பதும் குற்றமாகாது. அந்த நிலையைக் கொண்டு நியாயமற்ற விலையை அல்லது நிபந்தனையைத் திணிப்பதும், ஒரு சந்தையில் உள்ள வலிமையைப் பயன்படுத்தி மற்றொரு சந்தையைக் கைப்பற்றுவதும்தான் குற்றம். இவ்வளவு சதவீதச் சந்தைப் பங்கு இருந்தால் ஆதிக்கம் என்ற கணக்கையும் சட்டம் வகுக்கவில்லை. நிறுவனத்தின் அளவு, வளம், நுகர்வோர் அதனை எந்த அளவுக்குச் சார்ந்திருக்கின்றனர் என்பன போன்ற பல காரணிகளை ஆணையம் எடைபோட வேண்டும்.

சிரிஞ்ச் வழக்கு எப்படி விரிந்தது?

சிரிஞ்ச் தயாரிப்பாளரும் மருத்துவமனையும் கூட்டுச் சேர்ந்து விலையை உயர்த்தின என்பதே புகாரின் தொடக்கக் குற்றச்சாட்டு. ஆணையத்தின் விசாரணைப் பிரிவான தலைமை இயக்குநர் அலுவலகம் அதனை ஆராய்ந்தது. அத்தகைய கூட்டுக்கு ஆதாரம் இல்லை என்று அது தெரிவித்தது. ஆனால் வேறொன்று வெளிப்பட்டது. மேக்ஸ் குழுமத்தின் மருத்துவமனைகளில் சிரிஞ்ச் விற்பனையில் கொள்முதல் விலைக்கு மேல் கிடைத்த லாபம் சுமார் 270 முதல் 527 சதவீதம் வரை இருந்ததாக விசாரணையில் கண்டறியப்பட்டது.

இது ஒரு மருத்துவமனையோடு நிற்கும் வழக்கமாகத் தெரியவில்லை எனக் கருதிய ஆணையம், 2018 ஆகஸ்ட் 31 அன்று விசாரணையை விரிவுபடுத்த உத்தரவிட்டது. டெல்லியில் உள்ள பிற உயர் சிறப்பு மருத்துவமனைகளும் விசாரணை வளையத்துக்குள் வந்தன. சிரிஞ்ச் மட்டுமன்றி, உள்நோயாளிகளுக்கு விற்கப்படும் பொருள்கள், வழங்கப்படும் சேவைகள் ஆகியவையும் ஆராயப்பட்டன.

தேசியத் தலைநகர் வட்டாரத்தில் உள்ள 12 உயர் சிறப்பு மருத்துவமனைகள் தங்கள் ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தியதாக விசாரணைப் பிரிவு முடிவுக்கு வந்திருப்பதாக 2022-ல் செய்திகள் வெளியாகின. மேக்ஸ், ஃபோர்டிஸ், அப்போலோ குழுமங்களின் மருத்துவமனைகளும் அவற்றுள் அடங்கும். சில மருத்துவமனைகளின் அறை வாடகை, மூன்று நட்சத்திர, நான்கு நட்சத்திர விடுதிகளின் வாடகையை விஞ்சியது என்பதும் அந்த முடிவுகளில் ஒன்றாகும்.

இங்கு ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். விசாரணைப் பிரிவின் அறிக்கை தீர்ப்பு அல்ல. மருத்துவமனைகளின் விளக்கத்தைக் கேட்ட பின்னர் ஆணையமே முடிவெடுக்க வேண்டும். ஆணையத்தின் உத்தரவை எதிர்த்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் நாடலாம். குற்றம் உறுதியானால், முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி விற்றுமுதலில் 10 சதவீதம் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

'பின்சந்தை' என்றால் என்ன?

டெல்லி போன்ற நகரில் எந்த ஒரு மருத்துவமனையும் தனித்து ஆதிக்கம் செலுத்துவதாகக் கூறுவது எளிதன்று. அரசு மருத்துவமனைகள், அறக்கட்டளை மருத்துவமனைகள், தனியார் குழுமங்கள் எனப் பல உள்ளன. பல நிறுவனங்கள் சேர்ந்து ஆதிக்கம் செலுத்துகின்றன என்ற 'கூட்டு ஆதிக்க'க் கோட்பாட்டையும் இந்தியச் சட்டம் ஏற்கவில்லை. அதனைச் சேர்க்க 2012-ல் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா காலாவதியாகிவிட்டது.

முதற்கட்ட விசாரணையில், பட்பர்கஞ்ச் மருத்துவமனையிலிருந்து 12 கிலோமீட்டர் தொலைவுக்குள் உள்ள தனியார் உயர் சிறப்பு மருத்துவமனைகளை ஒரு சந்தையாக விசாரணைப் பிரிவு வரையறுத்தது. அவசர நிலையில் உள்ள நோயாளியால் நெடுந்தொலைவு செல்ல இயலாது என்ற அளவில் அது பொருந்தும். ஆயினும், அந்த எல்லைக்குள் இரண்டு மூன்று மருத்துவமனைகள் இருந்தாலும் போட்டி இருப்பதாகவே காகிதத்தில் தோன்றும்.

பின்சந்தை என்ற கருத்து இங்குதான் பயன்படுகிறது. ஒரு முதன்மைப் பொருளையோ சேவையையோ வாங்கிய பின்னர், அதனையொட்டி வாங்கியே தீர வேண்டிய பொருள்களின் சந்தை அது. கார் வாங்குபவர் பல நிறுவனங்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். வாங்கிய பிறகு அந்தக் காருக்கான உதிரிபாகத்துக்கு அதே நிறுவனத்தையே நாட வேண்டியுள்ளது. இதனை அடிப்படையாகக் கொண்டு 2014-ல் 14 கார் தயாரிப்பு நிறுவனங்களுக்கு ஆணையம் மொத்தம் ரூ.2,500 கோடிக்கும் அதிகமாக அபராதம் விதித்தது.

மருத்துவமனையில் இந்தச் சார்பு இன்னும் கடுமையானது. எந்த மருந்து, எந்த உபகரணம், எத்தனை பரிசோதனை என்பதை முடிவு செய்பவர் மருத்துவர். பயன்படுத்துபவர் நோயாளி. பணம் செலுத்துபவர் குடும்பத்தினர் அல்லது காப்பீட்டு நிறுவனம். விற்பது அதே மருத்துவமனையின் மருந்தகம். சிகிச்சையின் நடுவில் விலை கூடுதல் என்பதற்காக எழுந்து வேறு மருத்துவமனைக்குச் செல்வது பெரும்பாலோருக்கு இயலாத காரியம். சேரும்போது மொத்தச் செலவைக் கணக்கிட்டு ஒப்பிடுவதும் கடினம்.

அச்சிட்ட விலைக்கு விற்றால் அது எப்படித் தவறாகும்?

மருத்துவமனைகள் பொதுவாக அதிகபட்ச சில்லறை விலையை (எம்ஆர்பி) மீறுவதில்லை. எனவே தாங்கள் சட்டத்தை மீறவில்லை என்பது அவற்றின் வாதம். ஆனால் பிரச்சினை எம்ஆர்பிக்கு உள்ளேயே இருக்கிறது.

விலை நிர்ணயப் பட்டியலில் இடம்பெறாத பொருள்களுக்கு எம்ஆர்பியை முடிவு செய்பவர் தயாரிப்பாளர். மொத்தமாக வாங்கும் பெரிய மருத்துவமனை, விற்பனை விலைக்கும் கொள்முதல் விலைக்கும் இடைவெளி அதிகமுள்ள பொருளையே விரும்பும். அந்த வாடிக்கையாளரை இழக்க விரும்பாத தயாரிப்பாளர், எம்ஆர்பியை உயர்த்தி அச்சிட முன்வருகிறார். பொதுவாகப் போட்டி விலையைக் குறைக்கும். இங்கே அது விலையை ஏற்றுகிறது. நோயாளிக்காக வாங்குபவரே லாபம் பெறுபவராகவும் இருப்பதே இதற்குக் காரணம்.

தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் (என்பிபிஏ) 2018 பிப்ரவரியில் வெளியிட்ட ஆய்வு இதனை எண்களில் காட்டியது. டெல்லி, தேசியத் தலைநகர் வட்டாரத்தைச் சேர்ந்த நான்கு தனியார் மருத்துவமனைகளின் ரசீதுகளை ஆராய்ந்த அந்த அமைப்பு, சில பொருள்களில் லாபம் 1,737 சதவீதம் வரை சென்றதாகத் தெரிவித்தது. உயர்த்தி அச்சிடப்பட்ட விலையால் பயனடைந்தவை தயாரிப்பு நிறுவனங்களைவிட மருத்துவமனைகளே என்றும் அது சுட்டிக்காட்டியது.

இதற்கு ஒரு மாற்று, விலை உச்சவரம்பு. 2017 பிப்ரவரியில் இதய ரத்தக்குழாய் ஸ்டென்ட்டுகளுக்கும், அதே ஆண்டு ஆகஸ்டில் முழங்கால் மாற்று உபகரணங்களுக்கும் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. மருந்து பூசப்பட்ட ஸ்டென்ட்டின் விலை ரூ.29,600 என நிர்ணயிக்கப்பட்டது. 2019-ல் 42 புற்றுநோய் மருந்துகளின் வணிக லாபம் 30 சதவீதமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. ஆனால் ஒரு பொருளின் விலையைக் கட்டுப்படுத்தினால், அறை வாடகை, அறுவை அரங்கக் கட்டணம், பரிசோதனைக் கட்டணம் போன்ற பிற தலைப்புகளில் அந்த இழப்பை ஈடுசெய்ய வழி உண்டு. உச்சவரம்பு ஒரு பொருளின் விலையைத் தொடுகிறதே தவிர, நோயாளியின் சார்பு நிலையைத் தொடுவதில்லை.

மருத்துவமனைகளின் வாதம் என்ன?

வெளியிலிருந்து வாங்கி வரும் பொருளின் தரத்துக்கு யார் பொறுப்பு என்பது மருத்துவமனைகள் எழுப்பும் முதல் கேள்வி. போலி மருந்துகளும், குளிர்நிலை பேணாமல் கொண்டுவரப்படும் ஊசி மருந்துகளும் நோயாளிக்கு ஆபத்தை விளைவிக்கலாம். சிகிச்சை தவறினால் வழக்கைச் சந்திப்பது மருத்துவமனையே.

செலவுக் கணக்கு இரண்டாவது வாதம். தீவிர சிகிச்சைப் பிரிவு, இருபத்து நான்கு மணி நேரப் பணியாளர்கள், விலையுயர்ந்த கருவிகள் ஆகியவற்றின் செலவை ஆலோசனைக் கட்டணத்தால் மட்டும் ஈடுகட்ட இயலாது என்றும், மருந்தக வருவாய் அதனைத் தாங்குகிறது என்றும் அவை கூறுகின்றன.

இவ்வாதங்களில் நியாயம் இல்லாமல் இல்லை. உயிர்காக்கும் ஊசி மருந்துக்கும் அறுவை சிகிச்சையில் பொருத்தப்படும் உபகரணத்துக்கும் தரக் கவலை பொருந்தும். ஆனால் முத்திரையிட்ட உறையில் வரும் சாதாரண சிரிஞ்சுக்கும் கையுறைக்கும் அது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது கேள்வி. போட்டி ஆணையம் 2018 அக்டோபரில் வெளியிட்ட கொள்கைக் குறிப்பு இந்த வேறுபாட்டையே எடுத்துக்காட்டியது. உயர் சிறப்பு மருத்துவமனைகளின் உள் மருந்தகங்கள் போட்டியிலிருந்து முற்றிலும் விலகி நிற்பதாகக் கூறிய அக்குறிப்பு, தரப்படுத்தப்பட்ட நுகர்பொருள்களை வெளிச்சந்தையில் வாங்க நோயாளிகளை அனுமதிக்க விதிமுறை தேவை என்று பரிந்துரைத்தது. நோயாளியின் சிகிச்சைப் பதிவுகளை ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் மாற்றும் வசதி வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது.

முந்தைய வழக்கு ஒன்று தரும் பாடம்

மருத்துவமனை ஒன்றின் மீது ஆணையம் நடவடிக்கை எடுத்தது இது முதன்முறை அன்று. மும்பை பவாய் பகுதியில் உள்ள ஹிரானந்தானி மருத்துவமனை, தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கும் சேவைக்காக ஒரே ஒரு நிறுவனத்துடன் தனியுரிமை ஒப்பந்தம் செய்திருந்தது. அங்குப் பதிவு செய்திருந்த கர்ப்பிணி ஒருவர், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட லைஃப்செல் நிறுவனத்தின் சேவையைத் தேர்ந்தெடுத்திருந்தார். மருத்துவமனை அதனை அனுமதிக்கவில்லை. அவர் வேறு மருத்துவமனையில் குழந்தை பெற்றார்.

அந்த ஒப்பந்தம் போட்டியைக் குலைப்பதாகக் கூறி, ஆணையம் 2014-ல் சுமார் ரூ.3.8 கோடி அபராதம் விதித்தது. ஆனால் 2016-ல் போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்தது.

போட்டிச் சட்ட வழக்குகளில் நோயாளிக்கு ஏற்பட்ட சங்கடத்தைக் காட்டுவது மட்டும் போதாது. சந்தை எது, அதில் போட்டி எவ்வாறு குலைந்தது என்பதையும் நிறுவ வேண்டும். மும்பை வழக்கில் அந்தப் பெண்ணுக்கு வேறிடம் செல்ல அவகாசம் இருந்தது. அவசர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவருக்கு அந்த அவகாசம் இல்லை. டெல்லி விசாரணை எழுப்பும் கேள்வியின் கனம் இந்த வேறுபாட்டில்தான் உள்ளது.

இணைப்புகள் ஏன் கவனம் பெறுகின்றன?

மலேசியாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஐஎச்எச் நிறுவனம் 2018-ல் சுமார் ரூ.4,000 கோடி முதலீட்டில் ஃபோர்டிஸ் குழுமத்தின் கட்டுப்பாட்டைப் பெற்றது. மேக்ஸ் - ரேடியன்ட் இணைப்பு 2020-ல் நிறைவடைந்தது. கொலம்பியா ஏஷியாவின் இந்திய மருத்துவமனைகளையும், பின்னர் கொல்கத்தாவின் ஏஎம்ஆர்ஐ மருத்துவமனைகளையும் மணிப்பால் குழுமம் வாங்கியது. மணிப்பாலின் பெரும்பான்மைப் பங்குகள் 2023-ல் சிங்கப்பூரின் டெமாசெக் வசம் சென்றன. ஆஸ்டர் டிஎம் ஹெல்த்கேர், பிளாக்ஸ்டோன் ஆதரவு பெற்ற குவாலிட்டி கேர் ஆகியவற்றின் இணைப்பு 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, 2025 ஏப்ரலில் போட்டி ஆணையத்தின் ஒப்புதலைப் பெற்றது. அறிவிப்பின்படி, இணைந்த நிறுவனத்திடம் 38 மருத்துவமனைகளும் 10,000-க்கும் மேற்பட்ட படுக்கைகளும் இருக்கும்.

இணைப்புகளால் நன்மையும் உண்டு. நலிந்த மருத்துவமனைக்கு முதலீடு கிடைக்கும். கருவிகளைக் குறைந்த விலையில் வாங்கலாம். ஆனால் அந்தக் குறைந்த கொள்முதல் விலை நோயாளியின் ரசீதில் பிரதிபலிக்க வேண்டுமானால், மருத்துவமனைக்கு வெளியிலும் உள்ளேயும் போட்டி இருக்க வேண்டும்.

இணைப்புகளைப் பரிசீலிக்கும் முறையிலும் ஓர் இடைவெளி உள்ளது. வாங்கப்படும் நிறுவனத்தின் இந்தியச் சொத்து ரூ.450 கோடிக்கு மிகாமல், அல்லது விற்றுமுதல் ரூ.1,250 கோடிக்கு மிகாமல் இருந்தால், அந்தப் பரிவர்த்தனைக்குப் பொதுவாக ஆணையத்தின் முன் அனுமதி தேவையில்லை. பரிவர்த்தனை மதிப்பு ரூ.2,000 கோடியைத் தாண்டினால் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் நடுத்தர நகரம் ஒன்றின் முதன்மையான மருத்துவமனை இவ்விரு வரம்புகளுக்கும் உள்ளேயே அடங்கிவிடலாம். நாட்டளவில் சிறியதாகத் தோன்றும் அந்தக் கொள்முதல், அந்த நகரத்து மக்களுக்குப் பெரியது. மருத்துவச் சந்தை உள்ளூர்ச் சந்தை. வரம்புகளோ நாடு தழுவியவை.

அமெரிக்காவில் என்ன நடந்தது?

இந்தக் கவலை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. வட கலிபோர்னியாவின் சட்டர் ஹெல்த் என்ற மருத்துவமனைக் குழுமம், தன் மருத்துவமனைகள் அனைத்தையும் ஒரே தொகுப்பாக ஏற்கும்படி காப்பீட்டு நிறுவனங்களை நிர்ப்பந்தித்து விலையை உயர்த்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல், 57.5 கோடி டாலர் செலுத்த 2019-ல் அந்தக் குழுமம் இசைந்தது.

அங்கு மருத்துவமனையோடு பேரம் பேசுபவை பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனங்கள். இந்தியாவில் நிலைமை வேறு. 2021-22-ஆம் ஆண்டுக்கான தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, மொத்த சுகாதாரச் செலவில் 39.4 சதவீதத்தை மக்கள் தங்கள் கையிலிருந்து நேரடியாகச் செலுத்துகின்றனர். தேசிய மாதிரி ஆய்வின் 2017-18-ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, மகப்பேறு நீங்கலாக, ஒருமுறை உள்நோயாளியாகச் சேர்வதற்கான சராசரிச் செலவு அரசு மருத்துவமனையில் ரூ.4,452; தனியார் மருத்துவமனையில் ரூ.31,845. தனித்து நின்று பேரம் பேசும் குடும்பத்துக்கு, காப்பீட்டு நிறுவனத்துக்குள்ள வலிமை கிடையாது.

உச்ச நீதிமன்றம் என்ன கூறியது?

தங்கள் மருந்தகத்திலேயே வாங்குமாறு நோயாளிகளைத் தனியார் மருத்துவமனைகள் கட்டாயப்படுத்தக் கூடாது எனக் கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 4 அன்று முடித்துவைத்தது. நீதிபதிகள் சூர்ய காந்த், என்.கோடீஸ்வர் சிங் ஆகியோர் அடங்கிய அமர்வு, நாடு முழுவதற்கும் பொருந்தும் கட்டாய உத்தரவைப் பிறப்பிக்கவில்லை. உரிய கொள்கை முடிவை எடுக்குமாறு மாநில அரசுகளிடம் அந்தப் பொறுப்பை விட்டது. அரசமைப்புச் சட்டப்படி மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலில் அடங்கும் துறையாகும்.

எனவே இன்று பொறுப்பு மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கிறது. பொருளின் விலையை என்பிபிஏ கவனிக்கிறது. சந்தையில் நடக்கும் தவறுகளைப் போட்டி ஆணையம் விசாரிக்கிறது. மருத்துவமனையின் பதிவையும் நடைமுறையையும் மாநில அரசு ஒழுங்குபடுத்துகிறது. நோயாளி பெறும் ஒரே ரசீதில் இம்மூன்றும் கலந்துள்ளன. அந்த ரசீதை முழுமையாகப் பார்க்கும் அமைப்பு ஒன்று இல்லை.

நோயாளிகள் என்ன செய்யலாம்?

தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம், மருந்தையும் பரிசோதனையையும் எங்குப் பெறுவது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும், கட்டண விவரங்களை அறியும் உரிமையையும் குறிப்பிடுகிறது. இது தானே சட்டம் ஆகிவிடாது. மாநிலங்கள் ஏற்று நடைமுறைப்படுத்தும் அளவுக்கே வலிமை பெறும். ஆயினும், சேரும்போது எழுத்துபூர்வ மதிப்பீட்டையும், வெளியேறும்போது பொருள்வாரியான ரசீதையும் கேட்டுப் பெறுவது பின்னர் எழும் எந்தப் புகாருக்கும் அடிப்படை ஆதாரமாகும்.

கட்டணம் பெற்று அளிக்கப்படும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்துள்ளது. தனிப்பட்ட இழப்புக்கு ஈடு கோருவோர் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். போட்டி ஆணையத்திடம் எவரும் தகவல் அளிக்கலாம்; ஆனால் அதன் பணி சந்தையில் உள்ள தவறைத் திருத்துவதேயன்றி, தனிநபரின் கட்டணத்தைத் திருப்பித் தருவதன்று.

டெல்லி விசாரணையில் ஆராயப்பட்ட கருத்து சட்டத்தில் நிலைபெற்றால், மருத்துவமனையின் ஆதிக்கத்தை அளக்க நகரில் உள்ள படுக்கைகளை எண்ணுவது மட்டும் போதாது என்றாகும். அனுமதிச் சீட்டில் கையொப்பமிட்ட பின் நோயாளிக்கு எத்தனை வழிகள் எஞ்சியுள்ளன என்பதையும் எண்ண வேண்டியிருக்கும். அதற்கான சில வழிகள் ஏற்கனவே முன்மொழியப்பட்டவையே: தரப்படுத்தப்பட்ட பொருள்களை வெளியில் வாங்க அனுமதி, முன்கூட்டியே வெளியிடப்படும் கட்டணப் பட்டியல், நோயாளியுடன் இடம்பெயரும் சிகிச்சைப் பதிவு. இவற்றுள் எதற்கும் புதிய மருத்துவமனை கட்ட வேண்டியதில்லை. விதிமுறை இயற்ற வேண்டிய பொறுப்பு மாநில அரசுகளிடம் உள்ளது.